பட்டா யார் பெயரில்?

கழிமுகத்து ஊர்கள் – 17

ஆளுநர் பிகட்டிடம் துபாஷியாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியாரையும், அவர் கோயிலுக்கும் புலவருக்கும் அள்ளிக் கொடுத்த கதையையும் சென்ற இதழில் பார்த்தோம். அந்தக் கதையில் வயலில் இறங்கியவர்கள் யாரும் வரவில்லை. துபாஷிகளுக்குக் கல்வெட்டு உண்டு, பாடல் உண்டு. உழுதவர்கள் எழுத்தில் அகப்படுவது பெரும்பாலும் யாராவது ஒரு அதிகாரி அவர்களைப் பற்றிக் கவலைப்பட்டால்தான். அப்படிக் கவலைப்பட்ட ஒருவரிடமிருந்து தொடங்குவோம்.

1891. மணலி அப்போது சென்னை நகரத்துக்கு வெளியே, செங்கற்பட்டு மாவட்டத்துக்குள் இருந்த நெல் விளையும் கிராமம். அந்த மாவட்டத்தின் கலெக்டர் பொறுப்பில் இருந்தவர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர். அவ்வாண்டு அவர் தம் மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதி மேலே அனுப்பினார். ஏழைகள் பாவம், ஏதாவது செய்யுங்கள் என்ற மனு அல்ல அது. அரசாங்கத்தின் சொந்த விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் சேரியில் வாழ்பவனை என்ன செய்கிறது என்று கேட்ட அறிக்கை.

செங்கற்பட்டு மிராசு மாவட்டம். கிராமம் முழுவதும் பங்குகளாகப் பிரிந்திருக்கும். பங்கு வைத்திருந்தவர்கள் மிராசுதாரர்கள், பெரும்பாலும் வேளாளரும் பிராமணரும். கம்பெனிக் காலத்தில் எல்லிஸ் துரை இந்த உரிமையின் பழமையை ஆவணம் ஆவணமாக எடுத்துக்காட்டி எழுதிவைத்த பிறகு, அதன்மேல் கை வைக்க எந்த அதிகாரிக்கும் தயக்கம். பங்கு இல்லாதவன் படியாள். அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்காது என்று 1843லேயே சொல்லியாகிவிட்டது. 1862ல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாகவும் ஆக்கிவிட்டது. ஆனால் கல்யாணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க் கடன் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. கடன் தீரும்வரை வேலை. வேலை செய்யும்வரை கடன் தீராது.

தர்க்காஸ்து விதிகளைத்தான் திரமென்ஹீர் குறிவைத்தார். கிராமத்தில் தரிசு கிடக்கிறது. அதைச் சாகுபடி செய்ய விரும்புகிறவர் மனுப் போடலாம். தீர்வை கட்டினால் நிலம் அவருக்கு. விதியில் எந்தச் சாதியின் பெயரும் இல்லை. ஆனால் ஒருவர் மனுப் போட்டதும் ஊரில் அறிவிக்க வேண்டும். மிராசுதாரர் யாராவது "எனக்கு வேண்டும்" என்றால் அவருக்கு முன்னுரிமை. அவருக்குப் பிறகு ஏற்கெனவே பட்டா வைத்திருப்பவருக்கு. ஒன்றும் இல்லாதவன் கடைசி. இந்த வழியில் ஒரு படியாளின் மனு எப்படிப் போயிருக்கும் என்று பாருங்கள். அவனுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த கணக்குப்பிள்ளை ஊர்த்தெருவில் இருக்கிறார். அந்தத் தெருவுக்குள் இவன் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. எப்படியோ மனு தாலுகா போய்ச் சேர்ந்தால், அறிவிப்பு திரும்ப அதே கணக்குப்பிள்ளையிடம் வரும். மிராசுதாரருக்குத் தகவல் போகும். தரிசை இருபது வருடமாகத் திரும்பிக்கூடப் பார்க்காத மிராசுதாரருக்கும் அன்றைக்கு அது வேண்டும் என்று தோன்றும். ஏன் தோன்றாது? தரிசில் பயிர் வைத்துவிட்டால் படியாள் மறுநாள் வயலுக்கு வரமாட்டானே.

இதைவிட மோசமானது வீடு இருந்த மனை. குடிசையின் சுவரும் கூரையும் குடியிருப்பவனுடையவை. அவை நிற்கும் மண் தங்களுடையது என்றார்கள் மிராசுதாரர்கள். கூலி கூட்டிக் கேட்டாலும், பிள்ளையைப் பாதிரியார் பள்ளிக்கு அனுப்பினாலும், "இடத்தைக் காலி பண்ணு" என்று ஒரு வார்த்தை போதும். செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்கள் இதைப் பற்றி அதற்கு முன்பிருந்தே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலெக்டர் கையெழுத்தோடு அதே சங்கதி வந்தபோதுதான் கோட்டையில் சலசலப்பு.

திரமென்ஹீரை மகானாக்க வேண்டியதில்லை. அவர் வருவாய்த்துறை மனிதர். தரிசு சாகுபடிக்கு வந்தால் தீர்வை வரும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு சட்டம் யாருக்குப் பலன் தருகிறது என்பதை அது எழுதப்பட்டிருக்கும் அழகை வைத்துச் சொல்ல முடியாது, கடைசி வீட்டில் போய் நின்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இருந்தது. அது அரிது.

அவருக்குப் பதினான்கு வருடம் முன்னால் இதே காரியத்தை ஒரு மருத்துவர் செய்திருந்தார். தாது வருடப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வருகிறவர்களின் படியைச் செலவு மிச்சம் கருதி நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையுமாகக் குறைக்கச் சொன்னார் கல்கத்தாவிலிருந்து வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள். மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஆர். கார்னிஷ், இந்தப் படியைத் தின்று மண் சுமப்பவன் செத்துப்போவான் என்று வாதாடினார். முகாம்களில் மெலிந்த உடல்களையும் சாவுகளையும் கணக்கெடுத்துக் காட்டினார். சில மாதங்களில் படி கொஞ்சம் உயர்ந்தது. நம் எண்ணூர் வழியே ஓடும் பக்கிங்காம் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு அந்தப் பஞ்ச நிவாரணக் கூலிகள் வெட்டியது; கால்வாய்க்கு வந்த பெயரோ அப்போதைய ஆளுநருடையது.  

அறிக்கைக்குத் திரும்புவோம். வருவாய் வாரியம் மென்று விழுங்கியது. பறையர்களின் நிலை அவ்வளவு மோசமில்லை, மிராசுதாரர்களின் பழைய உரிமையில் தலையிட்டால் கிராமம் குலையும் என்ற பாட்டு. கடைசியில் 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணை 1010, தாழ்த்தப்பட்டோருக்கென்று தரிசு நிலங்களை ஒதுக்க வழி செய்தது. பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன்பின் விற்றாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குத்தான் விற்க வேண்டும். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அறிக்கையின் நோக்கத்தை வைத்துப் பார்த்தால் இது பாதி வெற்றி. வீட்டு மனை விஷயத்தில் அரசு பின்வாங்கிவிட்டது. நிலம் கொடுத்தாலும், அதற்குப் போய்த் திரும்ப மிராசுதாரரின் மனையில்தானே படுக்க வேண்டும்.

செங்கற்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893ல் 'பறையன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். தங்களைப் பற்றி யாரோ எழுதும் குறிப்புகளில் மட்டும் இருந்தவர்கள் தாங்களே எழுதத் தொடங்கிய காலம் அது.

சாதிப் பெயரோ இனப் பெயரோ இல்லாத சட்டம் கடைசியில் அதே சாதி, இனக் கோட்டில் போய் நிற்பது நமக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல. அமெரிக்காவில் 1935ல் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல் தடையாக எங்கும் இல்லை. முதியோர் ஓய்வூதியத்திலிருந்து விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விலக்கியது, அவ்வளவுதான். கறுப்பின உழைப்பாளர்களில் பெரும்பகுதியினர் செய்தது அந்த இரண்டு வேலைகளையே. விலக்கியதன் நோக்கம் என்ன என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். விளைவு என்ன என்பதில் சண்டை இல்லை.

இந்தப் பக்கம் வீட்டு மனைக்கு அரசு துணிந்தது 1920 வாக்கில், தொழிலாளர் ஆணையர் என்ற பதவி வந்த பிறகு. பெயர்தான் தொழிலாளர் துறை. செய்த வேலையில் பெரும்பகுதி ஆதிதிராவிடர்களுக்கு மனை வாங்கிக் கொடுப்பது, கிணறு வெட்டுவது, பள்ளி திறப்பது. அடுத்த வருடமே அதற்குச் சோதனை. 1921ல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் சேராமல் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, மாதக்கணக்கில் அடிதடி, துப்பாக்கிச் சூடு. ஆட்சியில் இருந்த நீதிக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயரோ, தொழிலாளர் துறை அவர்களுக்குச் செல்லம் கொடுத்ததால்தான் இவ்வளவும் என்று குற்றம் சாட்டினார். நீதிக்கட்சியில் இருந்த ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா கொதித்துப்போனார், இரண்டு ஆண்டுகளில் அக்கட்சியைவிட்டே விலகினார். புளியந்தோப்பு கலவரத்துக்குத் தனி அத்தியாயம் வரும். இங்கே ஒன்று மட்டும்: முப்பது வருடம் தாமதமாகவும் அரைகுறையாகவும் வந்த சலுகைகூட, அடுத்த தெருவில் நின்று பார்த்தவர்களுக்குச் செல்லமாகத்தான் தெரிந்தது.

இனி மணலிக்கு வருவோம். 1965 டிசம்பர் 30 அன்று மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் உருவானது. இந்திய அரசுக்கு 74 சதவீதம்; அமெரிக்க அமோக்கோவுக்கும் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கும் ஆளுக்கு 13. 43 கோடி ரூபாய் செலவில், 27 மாதத்தில் கட்டி முடித்து, 1969ல் ஓட்டத் தொடங்கினார்கள். சுத்திகரிக்கும் திறன் ஆண்டுக்கு 25 லட்சம் டன். பக்கத்திலேயே மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971ல் உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970. ஐந்தாறு வருடத்துக்குள் கழனியும் ஏரியும் உப்பளமுமாக இருந்த பகுதி தொழிற்பேட்டையாயிற்று. 2000த்தில் ரிஃபைனரி கம்பெனியின் பெயர் சென்னை பெட்ரோலியம் என்று மாறியது. ஊர்க்காரர்களுக்கு இன்னும் எம்.ஆர்.எல். தான்.

இத்தனைக்கும் நிலம் வேண்டும். அன்று கையில் இருந்தது 1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம், அதாவது திரமென்ஹீர் அறிக்கைக்கு மூன்று வருடம் இளையது. அந்தச் சட்டம் நட்டஈடு கொடுத்தது நிலத்தில் உரிமை உள்ளவருக்கு. பட்டாதாரருக்குக் காசு. குத்தகைக்காரர் எழுத்து ஏதாவது வைத்திருந்தால் வழக்காடலாம். நாற்று நட்டவள், களை பறித்தவள், ஏரிக்கரைப் புறம்போக்கில் மாடு மேய்த்தவன், கால்வாயில் வலை போட்டவன் ஆகியோருக்கு எந்த உரிமையும் எழுத்தில் இல்லை. ஆகவே எந்த நட்டமும் இல்லை. 1891ல் சேரிக்காரனைப் பட்டா பெற விடாத விதி, 1960களில் அவனுக்கு நட்டஈடு இல்லாமல் செய்தது. யாரும் வேண்டுமென்று அவனை விலக்கவில்லை. அதற்கான வேலை முன்பே முடிந்திருந்தது.

நட்டஈடு இல்லாவிட்டால் என்ன, வேலை வருமே என்றார்கள். வந்தது, அதை மறைக்கக் கூடாது. பொதுத்துறை என்பதால் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்து, நிரந்தர வேலையில் சேர்ந்து, பிள்ளைகளைப் பொறியாளராகவும் ஆசிரியராகவும் ஆக்கிய குடும்பங்கள் வடசென்னையின் காலனிகளில் இருக்கின்றன. ஒரு தலைமுறையில் அப்படி ஒரு தாவலைப் பஞ்சமி நிலம் தரவில்லை. ஒரு கொள்கையை மதிப்பிடும்போது வரவுப் பக்கத்தையும் எழுத வேண்டும்.

பிறகு கதவு ஒருக்களித்தது. சுத்திகரிப்பு ஆலைக்கு ஷட்டவுன் என்று ஒன்று உண்டு. இயந்திரங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் வாரங்கள். அப்போது கேட் பாஸ் வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கில் ஆட்கள் உள்ளே போவார்கள்: வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுகிறவர், தொட்டிக்குள் இறங்கிக் கசடு வாருகிறவர். பாஸ் ஒப்பந்தக்காரர் பெயரில். வேலை முடிந்தால் பாஸும் முடிந்தது. இந்த வேலைகளுக்கு இடஒதுக்கீடு கிடையாது. 1970ல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் இந்த முறையை ஒழிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. அப்படி ஒழித்தால் தொழிலாளி தானாகவே நிரந்தரமாவார் என்று 1996ல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அதே நீதிமன்றம், அப்படியெல்லாம் தானாக ஆகாது என்று திருத்திவிட்டது. இடஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்யவில்லை. அது பொருந்தும் வேலைகள்தான் சுருங்கின.

தண்ணீர்க் கதை இன்னும் சிக்கல். 1960களின் கடைசியில் ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையில் ஐ.நா. உதவியோடு நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி பக்கம் ஆழ்குழாய்கள் இறங்கின. அந்தத் தண்ணீர் மணலி ஆலைகளுக்கும் வந்தது. இறைத்த அளவுக்கு மழை திருப்பிக் கொடுக்கவில்லை, கடல் உள்ளே வந்தது. மீஞ்சூர்க் கிணறுகள் உப்பாயின. நிலம் உள்ளவர் ஆழமாகத் தோண்டலாம், தண்ணீரை விற்கலாம், கடைசியில் மனை போட்டு நிலத்தையும் விற்கலாம். அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கு வேலை நாள் குறைந்தது, வேறொன்றும் இல்லை. 1990களில் எம்.ஆர்.எல். நகரத்துக் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கியது. நாட்டுக்கே முன்மாதிரியான காரியம். 2019ல் கொடுங்கையூரில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆலைகளுக்கென்றே மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு செய்யும் நிலையமும் வந்தது. நல்லது. மீஞ்சூரில் ஏறிய உப்பு மட்டும் இறங்கவில்லை.

நிலம் இல்லாதவர்களைக் கொண்டுவந்து விடுவதற்கும் இந்தப் பக்கம்தான் இடம் இருந்தது. 1964க்குப் பிறகு பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வியாசர்பாடி, எர்ணாவூர் என்று பரவினார்கள். சடையங்குப்பத்தில் பர்மா நகர் உண்டு, ஆறு பெருகினால் முதலில் தண்ணீர் புகும் இடங்களில் ஒன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு எர்ணாவூரில் சுனாமிக் குடியிருப்பு. எல்லா இடத்திலும் அரசு வீடு கொடுத்தது. எங்கே கொடுத்தது என்பதற்குத் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும்.

2011ல் மணலி நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. சடையங்குப்பம், இடையஞ்சாவடி, கடப்பாக்கம், தீயம்பாக்கம் போன்ற ஊராட்சிகளும் சேர்ந்தன. சாலை வரும், விளக்கு வரும் என்று வரவேற்றவர்கள் இருந்தார்கள். நூறு நாள் வேலைத் திட்டம் ஊரகத்துக்கு மட்டும் என்றிருந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததும் அது போயிற்று. சாதி பற்றிய பேச்சே இல்லாத நிர்வாக ஆணைதான் அதுவும். ஆனால் அந்த வேலைக்குப் போனவர்கள் எந்தத் தெருவினர் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

2009ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70க்கு மேல் போனால் மிக மோசம். மணலி எடுத்தது 76.32. அடுத்த ஜனவரியில் புதிய ஆலைகளுக்குத் தற்காலிகத் தடை வந்து, பின்னால் விலகியது. காற்று, நீர், மண் எல்லாம் அந்த மதிப்பெண்ணில் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எந்த வார்டில் எத்தனை பட்டியல் சாதியினர் என்பதும் உண்டு. இரண்டும் வேறு வேறு துறைகளின் அலமாரியில் இருக்கின்றன. அமெரிக்காவில் 1987ல் ஒரு திருச்சபை ஆணையம், நச்சுக்கழிவு இடங்களின் பட்டியலையும் அஞ்சல் எண் வாரியான இனக் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. கழிவு எங்கே போய்ச் சேரும் என்பதை வருமானத்தைவிட இனமே துல்லியமாகக் காட்டிக் கொடுத்தது. அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றில் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள் வாளியிலும் கப்பிலும் எண்ணெயை மொண்டார்கள். கறுத்துப்போன வலைகளைத் துவைக்க முடியாமல் கரையில் குவித்தார்கள். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய், எண்ணெய் வீட்டுக்குள் புகுந்த மற்றக் குடும்பங்களுக்கு 7,500 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. படகுக்குத் தனி. இம்முறை பட்டா கேட்கவில்லை. அது முன்னேற்றம்தான். ஆனால் படகு இல்லாமல் கையால் இறால் தடவிப் பிடிப்பவர், மீனைத் தலையில் சுமந்து மணலித் தெருக்களில் விற்பவர் என்று பட்டியலின் ஓரத்தில் நிற்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். படகை எண்ணுவது சுலபம்.

1894 சட்டம் போனது 2013ல். புதிய நிலமெடுப்புச் சட்டம், நிலத்தில் கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்தையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று முதன்முறையாகச் சேர்த்துக்கொண்டது. எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்தே தீர வேண்டும் என்றது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனிப் பாதுகாப்புகள் வைத்தது. தமிழ்நாடு உடனே அதில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தன்னுடைய மூன்று சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது: 1997ன் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம், 2001ன் நெடுஞ்சாலைச் சட்டம், 1978ன் அரிசன நலத் திட்ட நிலமெடுப்புச் சட்டம். கடைசியில் சொன்னது ஆதிதிராவிடர்களுக்கு வீட்டு மனை எடுப்பதற்கானது. 1920ல் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி, சீக்கிரம் முடிய வேண்டியது. அதற்கு விலக்கு கேட்டதில் நியாயம் உண்டு. தொழிற்பேட்டைக்கு அதே விலக்கு எதற்கு? 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. சில நாட்களில் சட்டமன்றம் கூடி அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது. ஆகவே இன்று தமிழ்நாட்டில் அந்த 1997 சட்டத்தின்கீழ் ஆலைக்கு நிலம் எடுத்தால், கடைசி வீடுவரை போய்க் கேட்டு எழுத வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

அடுத்த இதழில்: எண்ணூர்ச் சாம்பல்.

(தொடரும்)